மூப்புக்கும் பிணிக்கும் விலை வகுத்த வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டன் மாநகரில் வாழ்ந்த ஜேம்ஸ் டாட்ஸன் என்னும் கணித வல்லுநர், தம் காலத்துக்குப் பின் தம் மக்கள் வறுமையில் வாடாதிருக்கும்பொருட்டு, 1706-ஆம் ஆண்டு முதல் அந்நகரில் நடந்துவந்த அமிகபிள் என்னும் ஆயுள் காப்பீட்டுச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர விண்ணப்பித்தபோது, நாற்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டார் என்ற காரணத்தைச் சொல்லி அச்சங்கத்தார் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டனர். ராயல் சொஸைட்டியின் உறுப்பினர் என்ற கௌரவமோ, பிள்ளைகளை உடைய குடும்பஸ்தர் என்ற நிலையோ அந்த விதியின் முன் செல்லவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனும் நாற்பத்து நான்கு வயதுக் குடித்தனக்காரனும் ஒரே அளவான சந்தாவைச் செலுத்திய அந்தச் சங்கத்தில், வயதுக்கேற்பக் கட்டணத்தை வகுக்கும் கணக்கு அறவே இல்லாமையால், வயது சென்றவர்களை வாசலிலேயே தடுத்து நிறுத்துவதைத் தவிர நஷ்டத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் வழி வேறொன்றும் அதற்குத் தெரிந்திருக்கவில்லை.

டாட்ஸன் அந்த மறுப்பை மனக்கசப்பாக மட்டும் கொள்ளாமல் ஒரு கணக்காக எடுத்துக்கொண்டார். லண்டனில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் பழைய பதிவுகளை ஆராய்ந்து, எந்த வயதினர் எந்த அளவில் இறக்கின்றனர் என்பதைக் கண்டு, அதற்கு ஏற்ற சந்தாவை வாங்கினால் எந்த வயதினரையும் நஷ்டமின்றி ஏற்கலாம் என்ற திட்டத்தை அவர் வகுத்தார். 1757-இல் அவர் காலமாகிவிட்டபோதிலும், அவருடைய கருத்தில் பற்றுக்கொண்டவர்கள் விடாது முயன்று 1762-ஆம் ஆண்டில் ஈக்விடபிள் சங்கத்தை நிறுவினர். இன்றைய ஆயுள் காப்பீட்டு ஸ்தாபனங்கள் யாவும் ஏதோ ஒரு வகையில் அதன் வழிவந்தவையே. வயோதிகருக்கு விலையை உயர்த்து, ஆனால் கதவை அடைக்காதே என்பதுதான் டாட்ஸன் விட்டுச் சென்ற நெறி. இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழில் அந்த நெறிக்கு அருகில் வருவதும் அதை விட்டு விலகுவதுமாக இருந்து வந்திருக்கிறது என்றே அதன் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

வயதைக் கணக்கில் அடக்க வழி பிறந்த பின்னும் நோயை அடக்குவதற்கு வழி பிறக்கவில்லை. ஈக்விடபிள் சங்கத்தில் சேர விரும்பியவர் நிர்வாகிகளின் முன்னிலையில் நேரில் தோன்றவேண்டியிருந்தது. அம்மை கண்டு மீண்டவரா, கீல்வாதம் உண்டா என்ற கேள்விகளுக்கு விடை கூறவேண்டியிருந்தது. வைத்திய சாஸ்திரம் அறியாத நிர்வாகிகள் மனிதனின் முகத்தையும் நடையையும் பார்த்து, இவர் நெடுநாள் இருப்பார், இவர் இருக்கமாட்டார் என்று தீர்மானித்த காலம் அது. 1824-இல் ஜார்ஜ் பின்க்கார்டு என்ற வைத்தியரின் முயற்சியால் லண்டனில் தோன்றிய மெடிக்கல் கிளெரிக்கல் என்னும் சங்கம், நோயுற்றவர்களையும் அவர்தம் நோயின் தன்மையை வைத்தியர் மூலம் அறிந்து, அதற்குரிய கூடுதல் சந்தாவுடன் ஏற்கலாம் என்று துணிந்தது. நோயாளியைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய தொழிலில், நோயை அளந்து பார்ப்போம் என்ற எண்ணம் முளைவிட்ட காலங்களுள் இதுவும் ஒன்று.

மேற்சொன்னவையெல்லாம் இறந்தபின் குடும்பத்துக்குப் பணம் தரும் ஏற்பாடுகள். நோயுற்ற காலத்திலேயே உதவும் ஏற்பாடு இங்கிலாந்தில் தொழிலாளரிடையே நிலவிய நேசச் சங்கங்களில் வளர்ந்தது. வாரந்தோறும் சில பென்னிகளைப் பொதுப் பெட்டியில் இட்டு, வேலைக்குப் போகமுடியாதபடி படுத்துவிட்டவனுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுத்துவந்த இச்சங்கங்கள், எல்லா வயதினருக்கும் ஒரே சந்தா என்ற அன்பான விதியாலேயே பல இடங்களில் சிதைந்தன. சங்கம் தோன்றியபோது இளைஞர்களாக இருந்தவர்கள் முப்பது ஆண்டுகளில் முதியவர்களாகி, அடிக்கடி படுக்கையில் விழத் தொடங்கியதும் பெட்டி வற்றியது. பெட்டி வற்றுவதைக் கண்ட புதிய இளைஞர்கள் அதில் சேராமல் தமக்கென வேறு சங்கம் அமைத்துக்கொண்டனர். ஆயுள் முழுதும் சந்தா கட்டிய கிழவன், உதவி வேண்டிய தருணத்தில் வெறும் பெட்டியைப் பார்த்து நின்றான். மான்செஸ்டர் யூனிட்டி என்னும் பெருஞ்சங்கத்தின் ஹென்றி ரேட்க்ளிஃப் 1850-இல் அச்சங்கத்தாரின் நோய்க் கணக்குகளைத் தொகுத்து, வயது ஏறுந்தோறும் மனிதன் நோயில் கழிக்கும் வாரங்கள் எவ்வாறு பெருகுகின்றன என்பதை அட்டவணையாக வெளியிட்டபின்னரே, அன்பும் கணக்கும் ஒன்றையொன்று விட்டு வாழமுடியாது என்பது அந்தத் தொழிலாளருக்கு விளங்கியது. இன்றைய மருத்துவக் காப்பீட்டின் சங்கடம் முழுவதும் அந்த வற்றிய பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

நம் நாட்டுக்கு இந்தத் தொழில் வந்த விதமோ நினைக்கும்தோறும் நெஞ்சை உறுத்துவது. 1818-இல் கல்கத்தாவில் ஓரியண்டல் கம்பெனியும், 1829-இல் சென்னையில் மதராஸ் ஈக்விடபிளும் தோன்றி, ஆயுள் காப்பீட்டு வியாபாரத்தைத் தொடங்கின. அக்காலத்துக் கம்பெனிகள் ஐரோப்பியரின் தேவைகளையே முதன்மையாகக் கருதின. பின்னாளில் இந்தியரையும் ஏற்கத் தொடங்கியபோதுகூட, இந்திய உயிரைத் தரங்குறைந்த உயிர் என்று வகைப்படுத்தி, அதற்காகக் கனமான கூடுதல் பிரீமியத்தை விதித்தன. நோயில்லாத, திடகாத்திரமான, இளம் வயதுடைய ஒரு மனிதன் இந்தியனாகப் பிறந்தான் என்பதே ஒரு வியாதியைப்போலக் கருதப்பட்டு விலை உயர்த்தப்பட்டது. 1870-இல் நிறுவப்பட்ட பம்பாய் மியூச்சுவல் என்ற சங்கம் இந்தியர்களைச் சாதாரண விகிதத்திலேயே ஏற்றுக்கொள்ள முன்வந்தபோது, இந்தியரின் தேகம் ஒரே இரவில் மாறிவிடவில்லை. அவர்களை நிறுத்துப் பார்த்த கை மாறியது. பிறகு சுதேசி இயக்கத்தின் வேகத்தில் பல கம்பெனிகள் தோன்றின. 1906-ஆம் ஆண்டில் நம் சென்னையில் பிறந்த யுனைடெட் இந்தியா அவற்றுள் ஒன்று.

பம்பாய் மியூச்சுவலின் இந்தச் சம்பவத்தை நான் சற்று அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலித்து, ஏற்பதா, விலையை உயர்த்துவதா, மறுப்பதா என்று முடிவு செய்யும் வேலையைக் கணித விதிபோல எண்ணி, அதை எதிர்த்துப் பேசுவது மழையை எதிர்த்துப் பேசுவதற்கு ஒப்பானது என்று நினைப்பவர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். கூட்டலும் பெருக்கலும் யாருக்கும் வளைந்து கொடுக்கமாட்டா என்பது மெய்யே. ஆனால் எந்தக் கூட்டத்தாரின் செலவைக் கூட்டுவது, எத்தனை பேருக்கு அதைப் பங்கிடுவது, யாரை அந்தக் கூட்டத்துக்கு அப்பால் நிறுத்துவது என்பவற்றைக் கணிதம் சொல்வதில்லை, மனிதர்களே சொல்லுகிறார்கள். மனிதர் சொன்னதை மனிதர் மாற்றலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. நியூயார்க் லைஃப் கம்பெனியின் வைத்திய அதிகாரி ஆஸ்கார் ராஜர்ஸும் கணிதர் ஆர்தர் ஹண்டரும் சேர்ந்து வகுத்த எண் முறையின்படி, சாதாரண மனிதன் ஒருவனின் அபாயத்தை 100 என்று வைத்துக்கொண்டு, விண்ணப்பதாரரிடம் காணும் ஒவ்வொரு குறைக்கும் சில எண்களைக் கூட்டியும், ஒவ்வொரு நலத்துக்கும் சில எண்களைக் கழித்தும், இறுதியில் வரும் தொகையைக் கொண்டு முடிவு செய்தார்கள். உடற்பருமனுக்கு இவ்வளவு, பெற்றோரின் அகால மரணத்துக்கு இவ்வளவு, இதயத்தின் முணுமுணுப்புக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போய், தொகை ஓர் எல்லைக்குள் இருந்தால் சாதாரண விலை, அதைத் தாண்டினால் கூடுதல் விலை, மிகவும் தாண்டினால் மறுப்பு என்று அந்த முறை வழங்கியது. ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியைத் தம் பரிசோதனையில் சேர்த்துக்கொள்வதிலும் அமெரிக்கக் காப்பீட்டுக் கம்பெனிகளே முந்திக்கொண்டன. நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் 1907-லேயே அதைத் தொடங்கிவிட்டது. ஒருவரின் முகத்தைப் பார்த்துத் தீர்மானித்த பழைய நிர்வாகிகளைவிட இம்முறை எத்தனையோ மடங்கு நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஏற்க முடியாதவர் என்று அதுவரை திருப்பி அனுப்பப்பட்ட பலர் இதன் பயனாகப் பாலிசி பெற்றனர். ஆயுள் காப்பீட்டுக்காகப் பிறந்த இந்த எண் முறை பிற்பாடு மருத்துவக் காப்பீட்டு அலுவலகங்களின் கைநூல்களிலும் இடம்பெற்றது. ஆனால் அங்கே ஒரு புதிய தொல்லை காத்திருந்தது. மரணம் ஒருவனுக்கு ஒரு முறையே வருகிறது. சர்க்கரை வியாதியோ மாதந்தோறும் செலவு வைத்து, பத்து ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத்தையும் கண்ணையும் காலையும் பற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் செல்கிறது. அந்தச் செலவை எண்ணால் அளப்பதற்குக் கடினமாயிருந்ததால், அளக்கும் முயற்சியையே பல கம்பெனிகள் கைவிட்டு, ‘முன்பே இருந்த நோய்’ என்ற ஒரு முத்திரையால் அதை விலக்கிவிட்டன.

இதற்கு மாறான ஒரு வழியும் அதே அமெரிக்காவில் தோன்றியிருந்தது. 1929-இல் டெக்ஸாஸ் மாகாணத்தின் டாலஸ் நகரில், பேலர் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியை நிர்வகித்த ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல், அவ்வூர்ப் பள்ளி உபாத்தியாயர்களிடம் மாதம் 50 சென்ட் பெற்றுக்கொண்டு, ஆண்டுக்கு 21 நாள் ஆஸ்பத்திரிவாசம் தருவதாக ஏற்பாடு செய்தார். அதிலிருந்து வளர்ந்த புளூ கிராஸ் திட்டங்கள், ஓர் ஊரிலுள்ள இளைஞருக்கும் முதியவருக்கும், நோயில்லாதவருக்கும் நோயுள்ளவருக்கும் ஒரே கட்டணம் என்ற கொள்கையைப் பல ஆண்டுகள் போற்றின. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் லாபத்துக்காக நடக்கும் கம்பெனிகள் களத்தில் இறங்கி, இளைஞரும் ஆரோக்கியமானவரும் மிகுந்த தொழிற்சாலைகளை நாடி, உங்களுடைய செலவுக்கு மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும் என்று மலிவான விலை கூறியபோது, அந்த இளைஞர்கள் புளூ கிராஸை விட்டு வெளியேறினர். எஞ்சியவர்களில் முதியவரின் பங்கு கூடியதால் கட்டணம் ஏறியது. கட்டணம் ஏறியதால் இன்னும் சில இளைஞர் விலகினர். நேசச் சங்கத்தின் பெட்டிக்கு நேர்ந்த கதி மற்றொரு கண்டத்தில் மீண்டும் நேர்ந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற நாளோடு தொழிற்சாலையின் காப்பும் முடிந்துபோக, தனியே பாலிசி வாங்கச் சென்ற முதியவர் வயதையும் வியாதியையும் ஒருங்கே சுமந்துகொண்டு கம்பெனியின் மேஜை முன் நின்றார். அமெரிக்க முதியோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பின்றி இருந்தனர் என்ற நிலை 1960-களின் முற்பகுதி வரை நீடித்தது.

1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன், அரசாங்கமே மருத்துவக் காப்பீடு தரும் முயற்சியில் முன்பு தோல்வி கண்ட முன்னாள் ஜனாதிபதி ஹாரி ட்ரூமனின் சொந்த ஊரான இண்டிபெண்டன்ஸுக்கே சென்று, அவர் அருகிலிருக்க, மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 65 வயதானவரின் உடல்நிலையை விசாரியாமலே அவரைக் காப்புக்குள் சேர்க்கும் ஏற்பாடு அதன்மூலம் வந்தது. 65-க்குக் கீழ்ப்பட்டு, தனியே பாலிசி வாங்கவேண்டியவராய், நோயும் உடையவராய் இருந்த ஐம்பது அறுபது வயதினரோ அதற்குப் பின்னும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்திருந்து, 2014 ஜனவரி முதல் தேதியன்றுதான், நோயைக் காரணம் காட்டி மறுக்கலாகாது, முதியவரிடம் இளைஞரைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வாங்கலாகாது என்ற சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றனர். பிரிட்டனில் 1948 ஜூலை 5-ஆம் தேதி தொடங்கிய தேசிய சுகாதார சேவை, பாலிசியையே கேட்காமல் எல்லோருக்கும் சிகிச்சை அளிப்பதாக அறிவித்து, இந்தக் கேள்வியைப் பெருமளவு தீர்த்துவைத்தது.

இந்தியாவில் பொதுக் காப்பீட்டுத் தொழில் 1973-இல் தேசியமயமாகி நான்கு கம்பெனிகளாக அமைந்து, அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. இந்நான்கும் 1986-இல் மெடிக்ளெய்ம் என்ற பாலிசியை வெளியிட்டன. ஆஸ்பத்திரிச் செலவுக்கு எந்தத் துணையுமின்றி நகையையும் நிலத்தையும் நம்பியிருந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு அது பெரியதோர் ஆறுதலாக வந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பாலிசி எடுக்கும் நாளில் உடலில் இருந்த நோய்க்கும் அதனால் விளையும் நோய்க்கும் இழப்பீடு கிடையாது என்ற ஷரத்து அதில் இருந்தது. அதற்குக் காலவரம்பும் இல்லை. நாற்பத்தைந்தோ ஐம்பதோ வயதைத் தாண்டியவர் சேரவேண்டுமானால் ரத்தம், சிறுநீர், இதயப்படம் ஆகிய பரிசோதனைகளுக்கு உட்படவேண்டியிருந்தது. பரிசோதனையில் ரத்தக் கொதிப்பு தென்பட்டால், கொதிப்பு மட்டுமன்றி இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றில் பின்னர் வரும் கேடுகளெல்லாம் ‘முன்பே இருந்த நோய்’ என்ற முத்திரைக்குள் வந்துவிடக்கூடியவையாக இருந்தன. அறுபது வயதில் மனிதனைத் தாக்கும் பெரிய நோய்களில் அதற்கு வெளியே மிஞ்சுவது சொற்பமே. பிரீமியத்தை முழுதும் வாங்கிக்கொண்டு, வரக்கூடிய நோய்களில் பெரும்பகுதியை விலக்கிவைத்த அந்த ஏற்பாட்டைக் காப்பு என்று அழைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கம்பெனிகளின் தரப்பிலும் நியாயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. வியாதி வந்தபின் பாலிசி வாங்கலாம் என்று அனுமதித்தால், வியாதி வரும்வரை யாரும் வாங்கமாட்டார்கள்; நோயாளிகள் மட்டுமே நிறைந்த கூட்டத்தில் பங்கிடுவதற்கு ஒன்றும் இராது. நோயை மறைத்து விண்ணப்பிப்பவர்களும் இருக்கத்தான் செய்தனர். நீரிழிவையும் அதன் வழிவந்த சிறுநீரகக் கோளாற்றையும் முன்மொழிவுப் படிவத்தில் மறைத்த ஒருவரின் வழக்கில், மறைக்கப்பட்டது முக்கியமான விஷயமே, கம்பெனி இழப்பீட்டை மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. மறுபுறம், இழப்பீட்டுக்காக நீதிமன்றம் ஏறிய பாலிசிதாரருக்கு அதையே குற்றமாகக் கருதிப் புதுப்பிக்க மறுத்த அரசுடைமைக் கம்பெனியின் செயலை, தான்தோன்றித்தனமானது என்று அதே நீதிமன்றம் 2001-இல் கண்டித்திருந்தது. விண்ணப்பதாரர் நோயைத் தெரிவித்து, கம்பெனியும் அதை அறிந்து பாலிசி கொடுத்துவிட்டபின், அந்த நோயையே காட்டி மறுக்கலாகாது என்று 2021-இல் மற்றொரு தீர்ப்பும் வந்தது.

தனியார் கம்பெனிகள் 2000-க்குப் பின் நுழைந்தன. மருத்துவக் காப்பீட்டை மட்டுமே தொழிலாகக் கொண்ட முதல் கம்பெனியான ஸ்டார் ஹெல்த் 2006-இல் சென்னையில் தோன்றி, மூத்த குடிமக்களுக்கென்றே ஒரு பாலிசியை விற்றது. அரசுடைமையான நான்கு கம்பெனிகளுள் ஒன்றான நேஷனல், முதியோருக்கென வரிஷ்டா மெடிக்ளெய்மை வெளியிட்டது. நோயுள்ள முதியவரையும் ஏற்று, செலவில் ஒரு பங்கை அவரே ஏற்கச் செய்யும் வழி இத்தகைய பாலிசிகளால் பழக்கத்துக்கு வந்தது. இதற்கிடையில் மூத்த குடிமக்களின் குறைகளை ஆராய, காப்பீட்டுத் தொழிலை மேற்பார்க்கும் ஒழுங்குமுறை ஆணையம் நியமித்த கே. எஸ். சாஸ்திரி குழு 2007-இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டில், நான்கு வருஷம் தொடர்ந்து புதுப்பித்தபின் முன்பே இருந்த நோயையும் கம்பெனி ஏற்கவேண்டும் என்ற பொது வரையறை வந்தது. 65 வயது வரை சேர வருவோருக்கு இடமளிக்கவேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், ஏற்றுக்கொண்டால் பரிசோதனைச் செலவில் பாதியைத் திருப்பித் தரவேண்டும் என்ற உத்தரவு 2009-இல் பிறந்தது. ஆயுள் முழுதும் புதுப்பிக்கும் உரிமையை 2013-ஆம் ஆண்டின் விதிகள் நிலைநிறுத்தியதோடு, சென்ற ஆண்டில் கிளெய்ம் வாங்கினார் என்பதற்காகத் தனி ஒருவரின் கட்டணத்தை உயர்த்துவதையும் தடுத்தன.

2024 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதிகள், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தன. 60 மாதங்கள் தொடர்ந்து பாலிசி நடந்துவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணத்தால் பழைய நோயைத் தோண்டி எடுத்து இழப்பீட்டை மறுக்கக்கூடாது என்று சொல்லின. 65 வயது என்ற பழைய வரம்பும் விழுந்தது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் ஏற்றலாகாது என்ற கட்டளையும் வந்தது. இவற்றுக்கு இணையாக, 2009-இல் தமிழ்நாட்டில் தொடங்கி 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் ஏற்பாடும், 70 வயது நிறைந்த யாவரையும் வருமானம் கேளாமல் ஐந்து லட்சம் ரூபாய் வரை காக்க 2024 அக்டோபரில் மத்திய சர்க்கார் விரித்த திட்டமும், ஒருவரின் நோயை விசாரித்து விலை கூறும் வழக்கத்தை விட்டு, குடிகள் அனைவரையும் ஒரே கூட்டமாக எண்ணும் வழியில் அடியெடுத்து வைத்திருக்கின்றன. அந்த வழியே சரியான வழி என்பது என் திடமான அபிப்பிராயம். ஐந்து லட்சம் போதாத சிகிச்சைகள் உண்டு. எல்லா ஆஸ்பத்திரிகளும் அத்திட்டங்களில் சேரவுமில்லை. ஆதலால் தனிப்பட்ட பாலிசியின் தேவை இன்னும் பல காலம் நீடிக்கும். அறுபதைக் கடந்தவருக்கு அதன் விலையோ, ஓய்வூதியமில்லாத குடும்பங்கள் தாங்கக்கூடியதாக இன்றும் இல்லை.

உங்கள் வீட்டில் தாயோ தந்தையோ, மாமனாரோ மாமியாரோ பாலிசிக்கு விண்ணப்பிக்கும் வயதில் இருந்தால், வெற்றுப் படிவத்தில் அவர்களுடைய கையெழுத்தை வாங்கி ஏஜெண்டிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, சாப்பிடும் மாத்திரை ஒவ்வொன்றின் பெயரையும், முன்பு செய்துகொண்ட சிகிச்சை ஒவ்வொன்றையும் நீங்களே எழுதுங்கள். எழுதியதன் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஏற்க மறுக்குமானால் வாய்மொழியோடு திரும்பிவிடாமல், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.